விடுதிச் சோறும் ஏற்றுமதியும்



புதிய தொழிற்சாலை என்றாலே முதலீட்டுத் தொகைதான் தலைப்புச் செய்தி. அங்கே வேலை பார்ப்பவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதும் லாப நட்டக் கணக்கில் சேர்ந்ததுதான்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் பலர், பூந்தமல்லி அருகே தாங்கள் தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தனர். தோழிகளின் நிலை தெரியாமல் தவித்தவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டார்கள். ஐபோன் தயாரித்த ஆலை மூன்று வாரங்களுக்கு மேல் மூடிக் கிடந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே கூறி, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை மூடிக் கிடந்த நட்டத்தின் அளவுக்கு, நல்ல சோறு போடச் செலவாகியிருக்காது. சோறு மட்டுமல்ல; 2024இல் சாம்சங் ஆலையில் தொழிற்சங்க உரிமை கேட்டு நடந்த வேலைநிறுத்தமும் ஒரு மாதத்தைத் தாண்டியது.

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பெரிய கம்பெனிகளோடு இந்த அக்கறை நின்றுவிடக் கூடாது. எங்கள் பகுதிப் பெண்கள் விடியுமுன்பே சோற்று டப்பாவும் கையுமாகக் கம்பெனி வேனுக்குச் சாலையோரம் நிற்கிறார்கள். விடுதியில் தங்குபவர்களும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒப்பந்தக்காரர்கள் நடத்தும் விடுதிகளை மாவட்ட நிர்வாகமும் உணவுப் பாதுகாப்புத் துறையும் முன்னறிவிப்பின்றிச் சோதித்து, முடிவை விடுதி வாசலிலேயே தமிழில் ஒட்ட வேண்டும். மரியாதையோடு நடத்தப்படும் தொழிலாளி வேலையை விட்டு ஓடுவதில்லை. அதுதான் எந்தக் கம்பெனிக்கும் நிலையான முதலீடு.

- ஒரு வாசகர்,
சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு மாவட்டம்.