கோழிக் கம்பெனி வாங்கிய கால்பந்து கிளப்! போட்ட பணம் திரும்புமா?

கால்பந்து கிளப் வாங்கினால் காசு கொட்டும் என்று ஒரு பேச்சு உண்டு. இங்கிலாந்து நிலவரத்தை அலசினால் கதையே வேறு.

புனேயின் வெங்கிஸ் கோழிப்பண்ணை குழுமம் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை 2 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 1995-ல் பிரிமியர் லீக் கோப்பையை தூக்கிய அணி அது. வாங்கிய மறுமாதமே மானேஜர் சாம் அலர்டைசுக்கு கல்தா. 2012-ல் அணி 2-வது டிவிஷனுக்கு இறங்கியது. அந்த ஆட்டத்தில் கொதித்துப்போன ரசிகர்கள் மைதானத்துக்குள் உயிருள்ள கோழியை விட்டது தனிக்கூத்து. 2017-ல் 3-வது டிவிஷனுக்கும் போய், மறுவருஷம் ஒரு படி ஏறியது. 20 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டியும் 2024-25 சீசன் வரை பிரிமியர் லீக் எட்டாக்கனிதான்.

டி.வி. பணமே உயிர்

காரணம் என்ன? பெரிய கிளப்புகளுக்கு முக்கிய வருமானம் டி.வி. ஒளிபரப்பு பணம். கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் அது படுத்துவிடும். வீரர்கள் சம்பளமோ அவ்வளவு சீக்கிரம் குறையாது. மற்ற தொழிலில் ஒரு வருஷம் மந்தம் என்றால் சமாளிக்கலாம். இங்கே ஒரே சீசனில் குடை சாய்ந்துவிடும்.

பங்கு வாங்கியவர் கதி

மான்செஸ்டர் யுனைடெட்டை 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. பெரும்பகுதி கடன். அதில் பெரும் பாரம் கிளப் தலையில்தான் விழுந்தது. 2012-ல் நியூயார்க் பங்குச்சந்தையில் ஒரு பங்கு 14 டாலருக்கு விற்றது. 2024-ல் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிப் பங்குக்கு 33 டாலர் கொடுத்தார். ஆனால் சாதாரண பங்குதாரர்கள் கையில் இருந்ததில் கால்வாசியை மட்டும்தான் அந்த விலைக்கு எடுத்தார். மீதியை வைத்திருந்தவர்களுக்கு 2025-ல் பல மாதங்கள் 20 டாலர் கூட தேறவில்லை. 13 வருஷம் காத்திருந்ததற்கு இதுதான் கூலி.

பெரி என்ற பழைய கிளப் 2018 டிசம்பரில் வெறும் 1 பவுண்டுக்கு கைமாறியது. 2019 ஆகஸ்டில் லீக்கை விட்டே வெளியேற்றப்பட்டது. ஊர் ஜனம் கண்ணீர் விட்டதுதான் மிச்சம்.

மொத்தத்தில், பெரிய கிளப்பை மொத்தமாக வாங்கி, நல்ல நேரத்தில் கைமாற்றும் கோடீஸ்வரனுக்கு லாபம் உண்டு. அவனும் ஏமாந்தால் போச்சு. பிடித்த டீமுக்கு கைதட்டலாம், பனியன் வாங்கி மாட்டலாம். மகள் கல்யாணத்துக்கு சேர்த்த காசை மட்டும் அங்கே போடக்கூடாது.