எழுத்துக்கும் வாடகையா?

வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சத்துவாச்சாரியில் உள்ளது. அங்கு முறையீடு கொண்டுசெல்லும் தோல்தொழிலாளி, தன் குறையைத் தமிழில் அடிக்க எந்த நிறுவனத்தின் எழுத்துருவுக்கு விலை தரவேண்டும்? எதற்கும் வேண்டா!

ஒருகாலத்தில் எழுத்துரு நிறுவனங்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழெழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி அமர்த்தின. ஓரிடத்தில் அடித்த மடல் வேறிடத்தில் பொருளற்ற கீறல்களாய்த் திறந்தது. 1999இல் தமிழ்99 விசைப்பலகையையும், 2010இல் ஒருங்குறியையும் தமிழக அரசு ஏற்றபின்னும் பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுவோரை என்னென்பது!

கட்டற்ற மென்பொருளான இலினக்சில் வேலை எளிது. இலோகித் தமிழ் (பெயர்தான் வடமொழி!), நோட்டோ தமிழ் ஆகிய எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைப்பன, படியெடுக்கவும் திருத்தவும் உரிமை தருவன. கோப்பைத் திறந்து ‘நிறுவுக’ என்பதை அழுத்தி, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்துவிட்டால் போதும். ‘சத்துவாச்சாரி’ என்றே அடித்துப் பார்க்கலாம். தகரத்தை இருமுறை தட்டினால் முன்னது தானே புள்ளி பெறும்; சகரமும் அவ்வாறே. தமிழின் இயல்பறிந்தோர் அமைத்த பலகையன்றோ அது!

குறையும் உண்டு. ஒருங்குறியில் மெய்யெழுத்துக்குத் தனியிடமில்லை. ககரத்தோடு புள்ளியைச் சேர்த்தால்தான் ‘க்’ பிறக்கும். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆவதே தமிழிலக்கணம். இங்கோ அது தலைகீழாயிற்று. 2010இல் ஒருங்குறியோடு அரசு ஏற்ற தமிழ் அனைத்தெழுத்துக் குறியீடு மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் தருகிறது. மூலநிரல் திறந்துகிடக்கும் இலினக்சில் அதனைப் புகுத்த எவர் கதவையும் தட்டவேண்டுவதில்லை.