காத்தடிச்சா கரண்ட் போகட்டும்

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான். "அண்ணே, நாலு தூத்தல்கூட விழல. லேசா காத்தடிச்சதுக்கே கரண்ட்டப் புடுங்கிட்டானுவ. என்னண்ணே டிபார்ட்மெண்ட்டு உங்க டிபார்ட்மெண்ட்டு?" நான் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. குரும்பலூர்க்காரர்களுக்கு அது இன்னும் என் டிபார்ட்மெண்ட்தான்.

ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவிடுகிறேன். கோடை மழைக் காற்றில் கரண்ட் போவது குறையே இல்லை. போகாமல் இருந்தால்தான் நான் பயப்படுவேன். அந்த ஒரு மணி நேர இருட்டை உட்கார்ந்து அனுபவிக்க நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் கரண்ட் ஏன் போகிறது என்று பார்ப்போம். நம் பக்கம் கோடை மழை எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். மதியம் வரைக்கும் அனல். மூன்று, நாலு மணிக்கு மேற்கே பச்சைமலைப் பக்கம் கருக்கும். மழைக்கு முன்னால் காற்றுதான் வரும், புழுதியை வாரிக்கொண்டு. பீடர் லைன் ஊருக்குள் மட்டும் போவதில்லை. காடு கரை, வேலிக்கருவை, தென்னந்தோப்பு, புளியமரம் எல்லாவற்றையும் தாண்டித்தான் வருகிறது. எங்கோ மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் போதும், சப்-ஸ்டேஷனில் ரிலே அதை உணர்ந்து பிரேக்கரைத் தட்டிவிடும். உங்கள் தெருவில் ஒரு இலைகூட ஆடியிருக்காது. நீங்கள் திட்டுவீர்கள். காற்று பலமாக இருந்தால் ஆபரேட்டரே பீடரை எடுத்துவிடுவதும் உண்டு.

எடுக்காவிட்டால் என்ன ஆகும்? கம்பி அறுந்து விழுந்தால் தானாகவே டிரிப் ஆகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். எப்போதும் ஆகாது. காய்ந்த மண்ணிலோ பாறையிலோ கம்பி விழுந்தால் பூமிக்குள் பாயும் கரண்ட் குறைவாக இருக்கும், ரிலேக்கு அது தெரியாமலே போகலாம். கம்பி உயிரோடு கிடக்கும். பிறகு மழை பெய்து அந்த இடம் நனையும். விடியற்காலை வெங்காயக் காட்டுக்குப் போகிறவர் இருட்டில் அதை மிதிப்பார், இல்லையென்றால் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன மாடு மிதிக்கும். இந்த வேலையில் இருந்த ஒவ்வொருவனும் அப்படி ஒரு காலையைப் பார்த்திருப்பான். நான் பார்த்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை.

2018 நவம்பரில் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. புயல் கரையேறும் முன்பே பல இடங்களில் சப்ளையை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தாமல் அத்தனை கம்பியும் கரண்டோடு தெருவில் கிடந்திருந்தால் என்னவாகியிருக்கும்? புயலுக்கு ஒத்துக்கொள்கிற நாம், கோடைக் காற்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறோம்.

போன கரண்ட் ஏன் சீக்கிரம் வருவதில்லை என்பது அடுத்த கேள்வி. மழை விட்டால்தான் ஆள் கம்பத்தில் ஏற முடியும். அதற்கு முன்னால் டார்ச்சை அடித்துக்கொண்டு லைன் போகும் வழியெல்லாம் நடந்து பார்க்க வேண்டும். இன்சுலேட்டர் வெடித்திருக்கிறதா, ஜம்பர் அறுந்திருக்கிறதா, மரம் எங்கே சாய்ந்திருக்கிறது என்று. பிறகு லைன் கிளியர் வாங்கி, எர்த் செய்து, அப்புறம்தான் ஏறுவது. சேற்றில் வழுக்கும் செருப்போடு ஒரு லைன்மேனும் ஒரு ஹெல்பரும் செய்கிற வேலை அது. புகார் சொல்ல வேண்டுமானால் மின்னகம் 94987 94987 இருக்கிறது. கம்பத்தின் உச்சியில் இருக்கிறவனின் செல்லுக்கு அடித்து அவன் அம்மாவை இழுக்காதீர்கள்.

சரி, இனி சந்தோஷமான பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மகன் வாங்கி வைத்தது. ஆனால் கோடை மழை இறங்கினால் நான் அதை அணைத்துவிடுவேன். முதல் வருஷம் வீட்டில் பெரிய சண்டை. மருமகள் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, முகம் சொன்னது. பேரன் "தாத்தாவுக்கு லூசு" என்றான். இப்போது மே மாத லீவுக்குத் திருப்பூரிலிருந்து வந்து இறங்கியதுமே, "தாத்தா, கரண்ட் எப்பப் போகும்?" என்று கேட்கிறவனும் அவன்தான்.

இன்வெர்ட்டர் ஓடினால் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். கரண்ட் போனதே தெரியாது. ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு செல். வெளியே வருஷத்தின் முதல் மழை கொட்டுகிறது, ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வேறு ஊர் மழையை வீடியோவில் பார்க்கிறார்கள். அதை அணைத்துவிட்டால் எல்லோரும் திண்ணைக்கு வந்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

திண்ணையில் எங்களுக்கு முதல் வேலை இடி எண்ணுவது. மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது. பத்து என்றால் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வாசலில் நனைய யாருக்கும் அனுமதி கிடையாது, வேப்பமரத்தடி பக்கம் போகவே கூடாது. இதில் நான் கறார். நம் நாட்டில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள், பெரும்பாலும் நம்மைப் போல வயல்காட்டு ஆட்கள்.

மிக்ஸி ஓடாது என்பதால் அன்றைக்கு அம்மிச் சட்னி. என் வீட்டம்மா இருட்டில் அரிக்கேனை வைத்துக்கொண்டு அரைக்கிற சத்தமும் ஓட்டில் மழை விழுகிற சத்தமும் சேர்ந்து கேட்கும். மழை விட்டு வெளிச்சம் வைத்தால் ஈசல் வரும். அண்டாவில் தண்ணீர் வைத்து, மேலே விளக்கைத் தொங்கவிட்டுப் பிடித்து, காயவைத்து, பொரியரிசியோடு வறுத்துத் தின்ற தலைமுறை நாங்கள். பேத்தி முகத்தைச் சுளிக்கிறாள். ஆனால் அவள் அப்பாயி அந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிறாள். டிவி ஓடும்போது ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"இதெல்லாம் மாடி வீட்டு சுகம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதில் பாதி நியாயம் உண்டு. 2012-ல் நம் மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும்கூட கரண்ட் இல்லாமல் தவித்தோம். மழையும் இல்லை, காற்றும் இல்லை, கொசுவும் புழுக்கமும்தான். மாவு மில், லேத்துப் பட்டறை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் பட்ட பாட்டை யாராவது "அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். அது வேறு, மழை கொண்டுவரும் இருட்டு வேறு. மழையும் எல்லோருக்கும் சந்தோஷம் இல்லை. விதை வெங்காயம் பட்டறை போட்டு வைத்திருக்கிறவர் அந்த நேரத்தில் தார்ப்பாயோடு ஓடிக்கொண்டிருப்பார். கோடை உழவுக்குக் காத்திருக்கிறவருக்குத்தான் அது பொன் மழை. வீட்டில் மூச்சுக்கருவியோ படுத்த படுக்கையாக ஒரு பெரியவரோ இருந்தால் இன்வெர்ட்டரில் கையே வைக்காதீர்கள். நான் சொல்வது மற்ற வீடுகளுக்கு.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களிடம் மட்டும் வேண்டுகோளாக இல்லை, கண்டிப்பாகவே ஒன்று சொல்ல வேண்டும். சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போடாமல், மெயின் லைனிலேயே ஒயரைச் சொருகி ஓட்டுகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அப்படி ஓட்டினால் உங்கள் கரண்ட் பின்பக்கமாக டிரான்ஸ்பார்மருக்குப் போகும். அங்கே அது 11,000 வோல்ட்டாக ஏறி லைனுக்குள் போகும். சப்-ஸ்டேஷனில் லைன் கிளியர் கொடுத்திருப்பார்கள், மழையில் நனைந்தபடி கம்பத்தில் ஒருவன் கம்பியைப் பிடித்திருப்பான். உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால், அடுத்த மழைக்கு முன்னால் ஒரு நல்ல எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். வேலை அரை நாள்தான்.