எத்தனை நிமிடம் வேண்டும்?

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் பள்ளிவாசலில் 1940ல் இயங்கத் தொடங்கியது. அந்தப் பள்ளிவாசல் இருக்கும் தேவிகுளம் தாலுகாவிலேயே, தென்மேற்குப் பருவமழை வலுத்தால் மின்சாரம் விடைபெற்றுவிடுகிறது. மரக்கிளை முறிந்து கம்பி அறுந்தால், கொட்டும் மழையில் மலைச்சரிவேறிச் சரிசெய்ய மணிக்கணக்காகும். சில சமயம் நாள்கணக்காகும். எஸ்டேட் லயத்தில் மகளின் படிப்புக்காக கம்ப்யூட்டர் வாங்கும் குடும்பத்துக்கு அடுத்த செலவு யு.பி.எஸ். சிறியதை வாங்கினால் பாதி நிரப்பிய விண்ணப்பம் போய்விடும். பெரியதை வாங்கினால் கூலிப் பணம் வீண்.

கடையில் சொல்லும் கணக்கு 600 வி.ஏ., 1,000 வி.ஏ. என்பது. எண் பெரிதானால் அதிக நேரம் தாங்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் வி.ஏ. என்பது பெட்டி ஒரே சமயத்தில் தாங்கும் சுமையின் அளவு. நேரத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பாட்டரி. சுமையைக்கூட வாட்டில்தான் பார்க்க வேண்டும். 600 வி.ஏ. பெட்டிகள் பல 360 வாட்டுக்கு மேல் தாங்குவதில்லை.

அது குறைவல்ல. எழுத்து வேலை, இணையம் என்று ஓடும் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர் சுமார் 100 வாட் இழுக்கும். மானிட்டர் 25, மோடம் 10. ஆக 135 வாட். எஸ்.எம்.பி.எஸ். மீது அச்சிட்டிருக்கும் 450 வாட் என்பது உச்சவரம்பு, அன்றாடச் செலவல்ல. லேசர் பிரிண்டரை மட்டும் யு.பி.எஸ்ஸில் செருகக் கூடாது. அது சூடேறும்போது பல நூறு வாட் கேட்கும்.

இனி நேரம். இவ்வகைப் பெட்டியில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. 135 வாட்டுக்கு 37 நிமிடம் என்று காகிதம் சொல்லும். ஆனால் வேகமாக உறிஞ்சினால் ஈய-அமில பாட்டரி முழுச் சரக்கையும் தராது. மின்மாற்றத்திலும் கொஞ்சம் வீணாகும். பாதியைக் கணக்கில் கொள்வதே புத்திசாலித்தனம்: கால் மணி நேரம். சமவெளியின் வெயில் பாட்டரியின் ஆயுளைத் தின்னும். மூணாறின் குளிர் அதைக் காக்கும். ஆனால் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும் ஜனவரி விடியலில் அதன் கொள்ளளவு சுருங்கும்.

செய்த வேலையைச் சேமித்துவிட்டுக் கம்ப்யூட்டரை முறையாக அணைக்கக் கால் மணி நேரம் தாராளம். மின்வெட்டு முழுவதும் வேலை செய்ய வேண்டுமென்றால் 1,000 வி.ஏ.வும் உதவாது. பெரும்பாலும் இரண்டு பாட்டரி கொண்ட அது, அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். அதற்குத் தேவை 150 ஆம்பியர்-மணி பாட்டரியுடன் கூடிய சைன் வேவ் இன்வெர்ட்டர். அதன் 1,800 வாட்-மணியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலும் இதே கம்ப்யூட்டர் எட்டு மணி நேரம் ஓடும். இன்னும் கம்ப்யூட்டரே வாங்காதவர்களுக்கு மலிவான வழி லேப்டாப். அதற்குள்ளேயே பாட்டரி இருக்கிறது. மோடத்துக்கு மட்டும், அதன் வோல்ட்டுக்குப் பொருந்தும் சிறு பாட்டரிப் பெட்டி போதும்.

மோடத்தை அற்பமாக நினைக்க இந்த மலையில் யாருக்கும் மனம் வராது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. மின்சாரம் போய் செல்போன் கோபுரம் செயலிழந்திருந்ததால், செய்தி வெளியே வர மறுநாள் காலையானது. மழை இரவில் மின்சாரம் போனால் கம்ப்யூட்டரை உடனே அணைத்துவிடுவது நல்லது. நல்ல நிலையிலிருக்கும் அந்தச் சிறிய யு.பி.எஸ்., மோடத்தை மட்டும் ஓரிரு மணி நேரம் தாங்கும். மறுமுனையில் மின்சாரம் இருந்தால், உதவிக்கு அழைக்க அந்த நேரம் போதும்.