வேடமும் விசாரணையும்

திருப்பரங்குன்றத்துச் சரவணப் பொய்கைக் கரையில் அண்மையில் எம்மோடு அளவளாவிய சைவ அன்பர் ஒருவர், அயர்லாந்து நாட்டிற் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய அநாதை விடுதிகளில் சிறார்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைப் படித்தறிந்ததாகக் கூறி, "புறச்சமயத்தார் தொண்டு இத்தகையதே, நம்மவரிடத்து இஃது ஒருகாலும் நிகழாது" என்று மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியை மறுத்தற்கே இதனை எழுதலுற்றாம்.

செய்தி மெய்யே. அந்நாட்டில் 2000-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற விசாரணைக் குழு, 2009-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் ஏறத்தாழ 2600 பக்க அறிக்கையை வெளியிட்டது. அடியும் பசியும் காமக் கொடுமையும் அவ்விடுதிகளிற் பல்லாண்டு நடந்தமை அதன்கண் விரிந்து கிடக்கின்றது. டப்ளின் நகரத்துக் கோல்டன்பிரிட்ஜ் விடுதியிலே, கருணைச் சகோதரிகள் எனப் பெயர் பூண்ட கன்னியரின் பொறுப்பில் இருந்த சிறுமியர், விற்பனைக்காகச் செபமாலை மணிகளைக் கம்பியிற் கோத்தனர். பத்து மணி கொண்ட கோவை நாளொன்றுக்கு 60 முடித்தல் வேண்டும், முடியாதார்க்கு அடி. புண்பட்ட விரலோடு குழந்தை கோத்த அம்மாலையை எங்கோ ஒரு தாய் கையிலேந்தித் தன் பிள்ளைக்காக இறைவனை வேண்டியிருப்பாள். உருத்திராக்கம் பூண்ட நாம் இவ்விடத்துச் சிறிது நின்று எண்ணுவோமாக.

இஃது ஏன் நெடுங்காலம் மறைந்திருந்தது? அரசு தலைக்கு இவ்வளவென்று பொருள் கொடுத்தது. கல்வித்துறையோ துறவியர்முன் பணிந்து ஒடுங்கி நின்றது என அவ்வறிக்கையே கூறும். முறையிட்ட பிள்ளை பொய்யனாக்கப்பட்டான். குற்றஞ்செய்த துறவி வேறு விடுதிக்கு மாற்றப்பட்டான். பிள்ளைகளை வருத்துக என்று அச்சமய நூல் விதித்ததன்று. அங்கியை ஐயுறுதல் பாவம் என்று கருதிய நாட்டில் நிகழ்ந்தது இது.

அன்பர் ஒரு தடை நிகழ்த்தினர். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தை அரனெனத் தொழச் சொல்லிற்றாகலின் விசாரித்தல் அபசாரமன்றோ என வினவி, மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றையும் காட்டினர். அற்றன்று. முத்தநாதன் பூண்ட வேடத்தின்பொருட்டு நாயனார் ஈந்தது தம் உயிர். பிறர் பெற்ற மகவை அவன்பால் ஒப்புவித்துக் கதவடைத்தாரல்லர். வேடத்தைத் தொழுவோன் தன்னை இழக்கலாம். அநாதைக் குழவியை இழக்க அவனுக்கு உரிமை யாது? நம் பரங்குன்றத்து இறைவனைக் கார்த்திகை மகளிர் அறுவர் பாலூட்டி வளர்த்தனர். ஆயினும் அம்மையப்பர் சரவணத்திற்கு எழுந்தருளிப் பிள்ளையைக் கண்டனரன்றோ?

நம் நாட்டிலும் ஆதரவற்ற சிறார் தங்கும் இல்லங்கள் பதிவுபெறல் வேண்டும் என்றும், அவை பார்வையிடப்படல் வேண்டும் என்றும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் விதிக்கின்றது. சிறார்மேற் காமக் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் தெரிவியாமை குற்றம் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். காவிக்கோ வெள்ளங்கிக்கோ அவற்றில் விலக்கில்லை.

அன்பர் ஆண்டுதோறும் பொருளுதவி புரியும் இல்லம் ஒன்றுண்டு. அங்குள்ள சிறாரிடம் தனித்து உசாவியதுண்டோ என்று கேட்டோம். "நடத்துவோர் நல்லடியார், கேட்டல் தகாது" என்றனர். நெடுநேரம் வாதித்தபின், வரும் கிருத்திகையன்று எம்மையும் உடன்கொண்டு அங்குச் செல்ல இசைந்துள்ளனர்.