படம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை

மூளையின் ரத்தக் குழாய்களை உயிருள்ள மனிதரிடம் முதலில் படமெடுத்தவர் யார் என்று கேளுங்கள். மருத்துவ மாணவன் பட்டென்று சொல்வான்: எகாஸ் மோனிஸ், லிஸ்பன், 1927. சரி. யாருடைய மூளையில் எடுத்தார்? வாயடைத்து நிற்பான்.

முதலில் பிணங்களின் தலை, அப்புறம் நாய்கள், அதற்கப்புறம் நோயாளிகள். கழுத்துத் தமனியில் ஸ்ட்ரான்சியம் புரோமைடு ஏற்றினார்கள். சரியான படம் கிடைக்கவில்லை, ஒருத்தர் செத்துப்போனார். பிறகு சோடியம் அயோடைடு ஏற்றியபோதுதான் குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன. மோனிஸ் 'முன்னோடி' ஆனார். செத்தவர் 'ஒரு நோயாளி', அவ்வளவுதான்.

அதோடு நின்றதா? 1931இல் தோரோட்ராஸ்ட் வந்தது. படம் பளிச்சென்று விழும், ஏற்றும்போது வலிக்காது. ஆனால் அது தோரியம், கதிர்வீச்சுப் பொருள். உடம்பை விட்டுப் போகாது. கல்லீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக எழுந்தது. எச்சரித்தவர்கள் அப்போதே இருந்தார்கள். யார் காதில் வாங்கினார்கள்? 1950கள் வரை ஏற்றிக்கொண்டேதான் இருந்தார்கள்.

இன்றைக்கு சி.டி. ஆஞ்சியோ, எம்.ஆர். ஆஞ்சியோ. எம்.ஆரில் சில முறைகளுக்கு ஊசிகூட வேண்டாம். நல்லது. விஞ்ஞானத்தை மறுப்பது நம் வேலையல்ல. ஆனால் இதை 'மேதைகளின் கொடை' என்று மட்டும் சொல்லாதீர்கள். கழுத்தைக் கொடுத்தவர்களுக்கு நாம் பட்ட கடன் இது. அவர்களையும் பாடத்தில் எழுதுங்கள். பேர் கிடைக்கவில்லையா? பேரை எழுதாமல் விட்டார்கள் என்றாவது எழுதுங்கள்.