லட்சம் விரல்களும் 8,141 வாக்குகளும்

இணையத்தில் நடக்கும் தேர்தல் கருத்துக்கணிப்புகளைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிவிட்டால் அந்த முடிவு மக்கள் மனநிலையைக் காட்டத்தான் செய்யும் என்பது அந்த நம்பிக்கை. ஒரு யூடியூப் சேனல் ‘உங்கள் ஓட்டு யாருக்கு?’ என்று கேட்டு நான்கு பெயர்களைப் போடுகிறது. ஒரே இரவில் லட்சம் விரல்கள் அதைத் தொடுகின்றன. மறுநாள் காலை அந்தச் சதவீதம் வண்ணப் படமாகி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. மாலையில் அரசியல் விமர்சகர் ஒருவர் அதை முன்னால் வைத்துக்கொண்டு தொகுதி தொகுதியாக வெற்றி தோல்வி சொல்கிறார். சந்தேகப்படுபவரிடம் ‘லட்சம் பேர் சொல்வது பொய்யாகுமா?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். பொய்யாகும். அதுவும் லட்சம் என்ற எண் தரும் தைரியத்தில், கூடுதல் உறுதியோடு பொய்யாகும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் தேர்தல் கணக்குகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

2019-ல் தமிழ்நாட்டில் தனித்து நின்ற தொகுதி வேலூர். ஏப்ரல் 18 அன்று நடக்க வேண்டிய மக்களவைத் தேர்தல், வருமான வரித் துறைச் சோதனையில் பெருந்தொகை பிடிபட்டதை அடுத்து, இரண்டு நாட்களுக்கு முன்பு ரத்தானது. பண பலத்தைக் காரணம் காட்டி ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது அதுவே முதல் முறை. மே மாதம் மற்ற 38 தொகுதிகளின் வாக்குகள் எண்ணப்பட்டபோது திமுக கூட்டணி 37-ஐ வென்றிருந்தது. அந்த அலையை அப்படியே நீட்டிப் பார்த்தவர்களுக்கு வேலூர் மிக எளிய கணக்கு. ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு நடந்து, 9-ஆம் தேதி பெட்டியைத் திறந்தபோது முதல் சுற்றுகளில் முன்னிலை பெற்றவர் அதிமுகவின் இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற ஏ.சி.சண்முகம். முடிவில் திமுகவின் கதிர் ஆனந்த் 4,85,340 வாக்குகளும் சண்முகம் 4,77,199 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 8,141. பதிவான சுமார் 10 லட்சம் வாக்குகளில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த வட்டாரத்துக்கு இது புதிதும் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் காட்பாடியில் திமுகவின் துரைமுருகன் 746 வாக்குகளில் கரையேறினார். ஜோலார்பேட்டையில் அதிமுக அமைச்சராக இருந்த கே.சி.வீரமணி 1,091 வாக்குகளில் தோற்றார். வாணியம்பாடியை அதிமுக வென்றது 4,904 வாக்குகளில்.

இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்ல எது தேவை? குலுக்கல் முறையில் பாரபட்சமின்றித் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேரிடம் கேட்டால், கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து மூன்று புள்ளி மேலேயோ கீழேயோ விலகலாம். அந்த விலகலை அரைப் புள்ளியாகச் சுருக்க 38,000 பேருக்கு மேல் கேட்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு தொகுதிக்கு. மிகுந்த நேர்மையோடு களத்தில் இறங்கும் நிறுவனமே 2019 வேலூரைப் பார்த்து ‘இழுபறி’ என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு மேல் சொல்ல எந்தக் கணக்கும் இடம் தராது. சேனலைத் தேடி வருபவர்களிடம் மட்டும் கேட்டு, அவர்களில் வேலூர்க்காரர் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாமல், ‘வேலூரில் இவருக்கே வெற்றி’ என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னால் அதற்குக் கணிப்பு என்ற பெயரே பொருந்தாது.

அந்த லட்சம் பேர் யார் என்று கேட்டால் நம்பிக்கை இன்னும் ஆட்டம் காணும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களில் 57.1 சதவீதத்தினர் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். பெண்களில் 33.3 சதவீதத்தினர்தான். அதன்பின் இந்த இடைவெளி குறைந்திருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு ஃபோன் இருப்பதும், அந்த ஃபோன் அந்தப் பெண்ணின் கையில் இருப்பதும், அதில் அவர் அரசியல் சேனலைத் தேடிப் போய்ப் பார்ப்பதும் மூன்று வெவ்வேறு விஷயங்கள். 2024 வாக்காளர் பட்டியலின்படி தமிழ்நாட்டில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம். ஆம்பூர் வட்டார ஷூ கம்பெனிகளில் தைக்கிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறி, பொழுது சாயும் நேரத்தில் இறங்கி, அதன் பிறகு அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள். வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேற்பகுதியை ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுக்கும் பெண்கள் இதற்கு மேல். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவே நிற்கும் தொழிலாளியும், வீட்டில் உருது பேசும் முதியவரும் இங்கே வாக்காளர்கள். வேலூரின் முடிவைத் தீர்மானிப்பவர்கள் இவர்கள். இணையக் கணிப்பில் இவர்களுக்கு எத்தனை பங்கு என்று எந்தச் சேனலாலும் சொல்ல முடியாது.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று சிலர் வாதாடுவார்கள். அந்தப் பழமொழி உண்மையாவது பானை முழுக்க ஒரே தீயில் வெந்திருந்தால்தான். பொங்கி விளிம்பில் வழிந்ததை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடிச்சோற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. வழிந்தது கைப்பிடியா, படியா என்பதால் இது மாறாது. இதை உலகம் 1936-லேயே கண்டுவிட்டது. அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். இதழ் பெயர்களை எடுத்தது தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்தும். பதில் எழுதிப் போட்டவர்களிலும் ரூஸ்வெல்ட்டை எதிர்த்தவர்களே அதிகம். மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் கேலப் சரியாகச் சொன்னார். ஹார்வர்டு புள்ளியியல் பேராசிரியர் சியாவோ-லி மெங் 2018-ல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் பதில் சொன்னவர்களிடம் இருந்த சிறு சாய்வால், 23 லட்சம் பேரின் பதில்கள் குலுக்கலில் எடுத்த சுமார் 400 பேரின் பதில்களுக்கு மேல் பெறுமதி இல்லாமல் போயின என்பது அவர் முடிவு. சாய்வு இருக்கும்போது எண்ணிக்கை கூடக்கூடத் தவறு குறைவதில்லை. தவறின் மீதான நம்பிக்கைதான் கூடுகிறது.

இங்கே சாய்வு தற்செயலாகவும் வருவதில்லை. கணிப்பின் இணைப்பு வெளியான சில நிமிடங்களில் கட்சிகளின் ஐ.டி. விங் குழுக்களில் அது விழுகிறது, ‘எல்லோரும் உடனே போடுங்கள்’ என்ற கட்டளையோடு. திமுக, அதிமுக, பாஜக, நாம் தமிழர், புதிதாக வருபவர்கள் என்று இதில் எந்தக் கட்சிக்கும் விலக்கில்லை. ஒரே கேள்வியை ஒரே நாளில் இரண்டு சேனல்கள் கேட்டால் இரண்டிலும் நேர்மாறான முடிவு வருவது இதனால்தான். அந்தச் சதவீதம் உண்மையில் அளப்பது எந்தக் கட்சிக்காரர்கள் அன்று எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தார்கள் என்பதை. அது அறியத்தக்க செய்தியே. மக்கள் மனநிலை என்ற பெயரில் அதை விற்பதுதான் மோசடி.

கட்சி சார்ந்த அரசியல் விமர்சனம் இந்தக் கணிப்புகளைவிட ஆழமாகக் கெடுக்கிறது. 2019 வேலூர் முடிவு வந்த அன்றே அதற்கு ஒரே ஒரு விளக்கம் நிலைபெற்றது: முஸ்லிம் வாக்குகள் மொத்தமாக ஒரு பக்கம் விழுந்தன. ஒரு தரப்பு இதைக் குற்றச்சாட்டாகச் சொன்னது, மறு தரப்பு பெருமையாகச் சொன்னது. விளக்கத்தைச் சோதிக்க இரு தரப்புக்கும் மனமில்லை. அதில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி சட்டமன்றப் பகுதிகள் திமுகவுக்கு முன்னிலை தந்தன, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் இரட்டை இலைக்குத் தந்தன. முத்தலாக் மசோதாவை அதிமுக மக்களவையில் ஆதரித்துவிட்டு மாநிலங்களவையில் வெளிநடப்பு செய்தது வாக்குப்பதிவுக்குச் சில நாட்களுக்கு முன்புதான். ஆனால் சிலர் காஷ்மீர் தொடர்பான 370-ஆவது பிரிவு நீக்கத்தையும் காரணமாகச் சேர்த்தார்கள். அந்த அறிவிப்பு மாநிலங்களவையில் வந்தது வாக்குப்பதிவு நாளன்றே, காலை 11 மணிக்கு மேல். ஏழு மணிக்கே வரிசையில் நின்று வாக்களித்துவிட்டுப் போனவர்களின் மனதை அது எப்படி மாற்றியது? ஒரு சமூகம் ஒரே கையாக வாக்களிக்கிறது என்றால் 2016-ல் ஆம்பூரும் வாணியம்பாடியும் அதிமுகவைத் தேர்ந்தெடுத்ததை என்ன சொல்வது? 2021-ல் பாஜகவோடு கூட்டணியில் இருந்த அதிமுகவின் செந்தில்குமார் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் வேட்பாளரை வாணியம்பாடியில் வென்றாரே, அதே நாளில் பக்கத்து ஆம்பூர் திமுகவிடம் போனதே, இவற்றை எந்த ஒற்றைச் சூத்திரம் விளக்கும்? கட்சி சார்ந்த விமர்சனத்துக்கு இந்தக் கேள்விகள் தொந்தரவு. வாக்காளரைச் சாதியாகவும் மதமாகவும் கட்டி மூட்டையாக்கினால்தான் அவரைச் சேனலில் சுலபமாக எடை போட முடியும்.

2024-லும் இதே கதை. கதிர் ஆனந்த் 2,15,702 வாக்கு வித்தியாசத்தில் வென்றதும் ஒரு தரப்பு ‘மாபெரும் அலை’ என்றது. எதிர்த்தரப்பு ‘பாஜகவும் அதிமுகவும் பிரிந்து நின்றதால் மட்டும்’ என்றது. கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பாஜக சின்னத்தில் நின்ற சண்முகத்தின் 3,52,990-ஐயும் அதிமுக பெற்ற 1,17,682-ஐயும் சேர்த்தாலும் திமுகவின் 5,68,692-ஐவிட 98,020 குறைவு. ஆகவே பிரிவு மட்டுமே காரணம் என்பது நிற்காது. இரண்டு லட்சமும் அலை என்பதும் நிற்காது.

களத்தில் இறங்கி எடுத்த கணிப்புகளும்தான் பொய்த்தன என்று நியாயமாகவே கேட்கலாம். பொய்த்தன. 2016-ல் ஆக்சிஸ் மை இந்தியா திமுக கூட்டணிக்கு 124 முதல் 140 இடங்கள் என்றது. ஆட்சியைத் தக்கவைத்தது அதிமுக. அதே நிறுவனம் 2024-ல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 என்றது, கிடைத்தது 293. தமிழ்நாட்டில் அக்கூட்டணிக்கு 2 முதல் 4 இடங்கள் என்றது, ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்தத் தவறுகளை இப்படி ஆண்டோடும் எண்ணோடும் சுட்ட முடிகிறது என்பதைக் கவனியுங்கள். யார் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள், எவ்வளவு பிசகினார்கள் என்பது பதிவாகி நிற்கிறது. அடுத்த முறை அவர்களை நம்புவதா என்று முடிவுசெய்ய அது உதவுகிறது. இணையக் கணிப்பு தோற்றால் பதில் சொல்ல ஆளில்லை. பதிவு நீக்கப்படும், அல்லது ‘பார்வையாளர் கருத்துதானே’ என்று கைகழுவப்படும். முன்னதன் குறை பின்னதற்கு நற்சான்று ஆகாது.

இன்னொரு மறுப்பு கனமானது. தமிழ்நாட்டில் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் கட்சிகளின் கையிலோ நிழலிலோ இருக்கின்றன. அங்கே இடம் கிடைக்காத குரல்களுக்கு இணையம்தானே கதவு திறந்தது என்பார்கள். உண்மை. அந்தக் கதவை மூடச் சொல்வது என் நோக்கமில்லை. சார்பு இருப்பதைக்கூட நான் குறையாகக் கருதவில்லை. 1942-ல் தொடங்கிய முரசொலியை வாங்கியவருக்கு அது யாருடைய ஏடு என்று தெரியும், நமது எம்.ஜி.ஆர். படித்தவருக்கும் தெரியும். தமிழ் அரசியல் எழுத்தின் வலிமையான பகுதி கட்சி ஏடுகளில் வளர்ந்தது. கொடி முதல் பக்கத்திலேயே இருந்ததால் படிப்பவர் தன் எடைக்கல்லோடு படித்தார். இன்று கொடியை மறைத்து, ‘நடுநிலை’ என்ற பலகையை மாட்டி, கட்சித் தொண்டர்கள் போட்ட வாக்கை ஆய்வு என்று தருகிறார்கள்.

இது வெறும் பொழுதுபோக்கு, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் ஏற்க முடியாது. ‘தோற்கிறவருக்குப் போட்டு ஓட்டை வீணாக்குவதா?’ என்று நினைக்கும் வாக்காளர் நம்மிடையே உண்டு. 746 வாக்கில் முடிவு மாறும் ஊரில் அந்த நினைப்பு விளையாட்டாகாது. இன்னொரு இழப்பும் இருக்கிறது. யார் ஜெயிப்பார் என்ற கேள்வி மற்ற எல்லாக் கேள்விகளையும் தின்றுவிடுகிறது. பாலாற்றுப் படுகையைத் தோல் கழிவு கெடுத்ததற்கு எதிரான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-ல். இழப்பீட்டையும் ஆற்றின் சீரமைப்பையும் வலியுறுத்தி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது 2025 ஜனவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஷூ கம்பெனிப் பெண்களின் கூலி, ராணிப்பேட்டையில் மலையாகக் கிடக்கும் குரோமியக் கழிவு, எதுவும் அந்த நான்கு பெயர்ப் பட்டியலில் இல்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்பை எப்போது வெளியிடக் கூடாது என்று சொல்கிறது. எந்த முறையில் எடுக்க வேண்டும், எதை அறிவிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. யாரிடம் கேட்டீர்கள், எப்படித் தேர்ந்தீர்கள், பணம் கொடுத்தது யார் என்ற மூன்றையும் அறிவிக்காத எதையும் கருத்துக்கணிப்பு என்ற பெயரில் வெளியிடக் கூடாது என்று தேர்தல் ஆணையம் விதி செய்ய வேண்டும். அந்த விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்பதைக் காட்டும் படிவம் 20, தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அடுத்த முறை யாராவது லட்சம் பேரின் தீர்ப்பை உங்களுக்கு அனுப்பினால், அதை இன்னொருவருக்கு அனுப்பும் முன் உங்கள் சாவடியின் கடந்த தேர்தல் கணக்கை அந்தப் படிவத்தில் எடுத்துப் பாருங்கள்.